ஸ்பீக்கரில் போட்ட குரல்

ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர்கள் எழுதுவதை நான் விடாமல் படிப்பேன். டாக்டர் தெய்வமாக வருவார், நர்ஸ் தேவதையாக வருவாள், குடும்பம் வாசலிலேயே தவம் கிடக்கும், கடைசியில் எல்லோருக்கும் நன்றி. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. பதினாறு நாள் படுத்திருந்தேன். டாக்டர் காப்பாற்றினார், ஸ்டெல்லா என்ற நர்ஸ் பார்த்துக்கொண்டாள், என் கணவர் சம்பத் ஒரு நாள் தவறாமல் வந்தார். சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பதினாறு நாளில் என்னை ஏமாற்றினார்கள். அதோடு விடாமல், என்னை வைத்தே இன்னொரு ஜீவனையும் ஏமாற்றினார்கள். அந்த ஜீவன் ஒரு பூனை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

பூனை எங்களிடம் வந்தது என் காய்ச்சலுக்கு ஐந்து மாதம் முன்பு. கன்டோன்மென்ட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி பில்களில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பக்கத்து மேஜை மேரி, சத்திரம் பேருந்து நிலையத்தில் பூக்கடைகளுக்குப் பின்னால் சாக்கடையில் கிடந்த ஒரு பூனையைத் தூக்கி வந்துவிட்டாள். சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருந்தது. இடது காதில் பாதி இல்லை. முதுகில் யாரோ வெந்நீர் ஊற்றியதில் உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்திருந்தது. மேரி வீட்டில் இரண்டு நாய்கள். "ரெண்டு நாள் வச்சுக்கங்க வேதா மேடம், அதுக்குள்ள ஆள் பாத்துடறேன்" என்றாள். அந்த ஆளை அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்கள் வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைக்குக் கேட்காத நீளம். கொல்லையில் தூர்ந்த கிணறு ஒன்று, அதைச் சுற்றி இடுப்பளவுக்குப் புதர். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் பூனை அந்தப் புதருக்குள் போனது. பதினைந்து நாள் அதன் வாலைக்கூட நான் பார்க்கவில்லை. வைத்த தயிர்சாதம் காலியாகியிருப்பதைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

"தயிர்சாதமா? பூனை என்ன ஏகாதசி விரதமா இருக்கு? கடையில தீனி விக்குது, வாங்கிப் போடுங்க" என்றாள் மேரி. வாங்கினேன். அதில் மீன் வாசனை வந்தது. என் கணவர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர், வாசனை விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

"மீன் வாசனை ஆத்துக்குள்ள வரப்படாது வேதா."

"கொல்லை ஆத்துக்குள்ள சேர்த்தியா?"

"கிணத்துக்கு அந்தப் பக்கம் சேர்த்தி இல்லே" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து தீனி டப்பா என் ஸ்கூட்டர் டிக்கியில் குடியிருந்தது.

"கண்ணைப் பாக்காதீங்க, தொடப் போகாதீங்க, சும்மா உக்காந்து உங்க வேலையைப் பாருங்க" என்று மேரி பாடம் எடுத்தாள். புதருக்கு நடுவே காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக் காலையில் முக்கால் மணி, ஆபீஸ் விட்டு வந்து முக்கால் மணி உட்கார்ந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. அதனால் பேசினேன். எந்த கிளெய்மை மேனேஜர் திருப்பினார், எந்த டாக்டர் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை, கேன்டீன் சாம்பாரில் இன்று என்ன குறை, எல்லாம் சொன்னேன். கொல்லைக் கதவு கிரீச்சிட்டாலே அது நடுங்கும் என்பதால், கதவைத் திறக்கும்போதே "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே போவேன். ஒரு மாதத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு அது ஓடாமல் நின்றது. இரண்டாம் மாதம் நான் உட்கார்ந்திருக்கும்போதே சாப்பிட்டது. நாலாம் மாதம் என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. கால் மரத்துப் போயிற்று. நான் அசையவில்லை. ஆபீசுக்கு அரை மணி லேட்.

இத்தனைக்கும் வீட்டுக்குள் வராது. கொல்லைப் படி வரை வரும், திரும்பிவிடும். கோயிலை விட்டு வெளியே வராத தாயாரை ஊரில் சொல்வதைப்போல, "இவ படிதாண்டாப் பத்தினிடி" என்று என் கணவர் கேலி செய்தார். பத்தினி என்பதே பெயராகிவிட்டது. விடிந்தும் விடியாததுமாய் நான் "பத்தினி, பத்தினி" என்று கூப்பிடுவதைக் கேட்டு அடுத்த வீட்டு மாமா என்ன நினைத்தாரோ, ஒரு வாரம் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்தாம் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அது படி தாண்டியது. அடுப்படிக்குள் வந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈர முன்னங்காலை நக்கிக்கொண்டது. காபி டம்ளரோடு நின்ற என் கணவர், "பத்தினி படி தாண்டிட்டாளே!" என்று குரல் எழும்பாமல் சிரித்தார். அவருக்கும் அன்று சந்தோஷம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலு நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது.

தெருமுனை கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் டெங்கு இல்லை என்றார்கள், டைபாய்டு சந்தேகம் என்றார்கள். தலைவலி கண்ணுக்குப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. ஆறாம் நாள் எங்கள் வாசற்படி மூன்றை ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. என் கணவர் டாக்சி பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விரல் நுனியில் துணி கிளிப்பைப்போல ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பத்தாறில் நின்றது. அதற்குமேல் யாரும் என்னை டோக்கன் எடுக்கச் சொல்லவில்லை.

"வீட்ல பெட் அனிமல் ஏதாவது இருக்கா?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். என் கணவர் தயங்கினார். அவருடைய அக்கா கோமளா மன்னார்புரத்திலிருந்து நேராக அங்கே வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆசாரத்தில் ஐம்பது வயது மூத்தவர்.

"ஒரு பூனை இருக்கு டாக்டர். கொல்லையே கதின்னு அதோட உக்காந்துண்டு கெடப்பா" என்றார் அக்கா. டாக்டர் குறித்துக்கொண்டார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது, அக்காவைப் பொறுத்தவரை.

ஒன்பது குழாய் ரத்தம் எடுத்தார்கள். அதில் கொஞ்சத்தைக் கிருமி வளருமா என்று பார்க்க வைப்பார்கள். அதற்கு கல்ச்சர் என்று பெயர், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஸ்கேன் மெஷினில் பெரிய வடையின் ஓட்டைக்குள் ஆளைத் தள்ளி எடுப்பதைப்போல எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டு. கல்லீரல் வீங்கியிருந்தது. ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. எதனால் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ஐ.சி.யூ.வில் முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க்கைப் போட்டார்கள்.

அங்கே எனக்கு வந்த பயம் சாவைப் பற்றியது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். பாதி அதுதான். மீதி, பத்தினி படியில் வந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்குமே என்பது. சாக்கடையில் விட்டவர்களும் போய்விட்டவர்கள், நானும் போய்விட்டேன் என்றால் அதற்கு என்ன வித்தியாசம் தெரியும்? பார்வையாளர் நேரம் பத்து நிமிஷம். என் கணவர் வந்ததும் மாஸ்க்கை விலக்கிப் பத்தினியைப் பற்றித்தான் கேட்டேன்.

"நான் பாத்துக்கறேன். நீ அதை நெனைக்காதே."

"சத்தியமா?"

"சத்தியமா" என்று என் தலையில் கையை வைத்தார்.

நோயைக் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. மூன்றாம் நாள் உடம்பு துடைத்துவிடும்போது இடது முழங்காலுக்குப் பின்னால் வந்ததும் துடைப்பதை நிறுத்தினாள். "அம்மா, இங்க என்ன, யாராச்சும் சிகரெட்டால சுட்டாங்களா?" என்றாள். வலி இல்லை, அரிப்பு இல்லை, நானே பார்க்க முடியாத இடம். கறுப்பாய் ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பெரிய டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர் சொன்னார். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்களே, அது.

"பூனையாலயா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர். பக்கத்தில் கோமளா அக்காவும் இருந்தார்.

"பூனை இல்லைங்க. புல்லு, புதர்ல கண்ணுக்கே தெரியாத பூச்சி இருக்கும். அதோட குஞ்சு கடிச்சா வரும். கடிச்ச இடம் இப்படிக் கருகின மாதிரி ஆகும். இவங்க புதர்ல போய் உக்காந்தாங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எது எப்படியோ, பத்தினி நிரபராதி என்பது அந்த இருவர் காதிலும் விழுந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவது அது தெரிந்த பிறகு நடந்தது.

மருந்து என்னவோ ரொம்பச் சாதாரணமான மருந்து. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. நுரையீரல்தான் சாவகாசமாகத் தேறியது. எட்டாம் நாள் மூக்கில் மெல்லிய குழாயோடு வார்டுக்கு வந்தேன். என் கணவர் பிளாஸ்க்கில் சாத்தமுது என்கிற ரசமும் குழைய வடித்த சாதமும் கொண்டுவந்து பிசைந்து ஊட்டினார். என் தலையில் விழுந்திருந்த சிக்கை அரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்தார். புனேயில் வேலையில் இருக்கும் பிள்ளை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். எங்கள் ஆபீசே என் பில்லை அனுமதிக்க வேண்டியிருந்தது. மேனேஜர் நாலு கேள்வி கேட்டு அனுப்பினாராம், பாவம், பழக்கதோஷம்.

"வெள்ளிக்கிழமை அப்பாவோட ஸ்ரார்த்தம்" என்று நினைவூட்டினார் என் கணவர். "அக்கா வந்து கூட இருக்கா. தளிகைக்கு ஆள் சொல்லியாச்சு."

திதியன்று செய்கிற தளிகைச் சமையல் முன்னோர்களுக்கானது. அதில் நாய் பூனை வாய் வைத்தால் மொத்தமும் வீண். கண் பட்டாலே ஆகாது என்பது கோமளா அக்காவின் கட்சி. பத்தினியோ இப்போது அடுப்படிக்கு வழி கற்றுக்கொண்டவள். நான் கற்றுக்கொடுத்த வழி.

"அன்னிக்குக் கொல்லைக் கதவைச் சாத்தி வையுங்கோ. ஒரு நாள் அவ வெளியிலயே இருப்பா."

"சரி" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வந்தது.

"வேதா, பத்தினி மூணு நாளா வெளியிலயே வரலே. வெச்சது வெச்சபடி இருக்கு. நீ கொஞ்சம் பேசேன், நான் ஸ்பீக்கர்ல போடறேன்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் குரல் கிழிந்துபோயிருந்தது. அடையாளம் தெரியுமோ என்று பயந்துகொண்டே, "பத்தினி, நான்தான்" என்றேன். "வாடி கண்ணு. நான்தான். இங்க உப்புமா தராடி, நீகூடத் திங்க மாட்டே." வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு என் கணவர் ரகசியக் குரலில், "வரா. நிறுத்தாதே, பேசு" என்றார். பேசினேன். தட்டு உருளுகிற சத்தம் கேட்டது, எதுவோ தரையில் இழுபட்டது, யாரோ "ஐயோ" என்றார்கள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லே. தட்டு தட்டிடுத்து. சாப்பிடறா. நீ படுத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

சந்தோஷத்தில் அழுதேன். நோயில் ஒரு தடவைகூட அழாதவள். ஸ்டெல்லா ஓடி வந்து பல்ஸ் பார்த்தாள்.

"போன்ல கூப்பிட்டாப் பூனை வருமாம்மா?"

"எங்க வீட்டுப் பூனை வரும்" என்றேன். வார்டில் ஒருவரை விடாமல் அன்று இதைச் சொன்னேன். பக்கத்துப் படுக்கையில் சர்க்கரைக்காகச் சேர்ந்திருந்த அம்மாள் காலையில் தன் மகளுக்குப் போன் போட்டு அதைச் சொன்னார். எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த ஆறு நாளும் தினம் ஒரு செய்தி வந்தது. இன்றைக்கு அடுப்படிக்கு வந்தாள். இன்றைக்கு உன் பழைய புடவை மேல் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு வாசல் பக்கம்கூட எட்டிப் பார்த்தாள். நான் கேட்காத விவரமெல்லாம் சொன்னார். என் கணவருக்கு இத்தனை கற்பனை உண்டு என்று இருபத்து நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் எனக்குத் தெரியாது. வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வார்டில் ஏ.சி. குளிர் என்றார். அதையும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது கொல்லை மொட்டையாக இருந்தது. புதரையெல்லாம் வெட்டியிருந்தார்கள். டாக்டர் சொல்லியிருந்தார், நல்லதுதான். "பத்தினி எங்கே?" என்றேன். "இத்தனை நேரம் இருந்தா. வெட்டினதுல மெரண்டுபோய் எங்கேயாவது ஒண்டிண்டிருப்பா" என்றார். இரண்டு நாள் கொல்லைப் படியில் உட்கார்ந்து வெறும் மண்ணைப் பார்த்து "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நினைத்துப் பார்த்தால் அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் மாத்திரைச் சீட்டைத் தேடி ஃபைலைக் கொட்டினேன். அதில் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசிக்குக் கொடுக்கிற அட்டை. பெயர் சம்பத். காரணம் பூனைக் கடி. தேதி பார்ப்பதுதான் என் தொழில். முதல் ஊசி போட்ட தேதி, எனக்குப் போன் வந்த அந்தப் புதன்கிழமை.

"கையைக் காட்டுங்கோ" என்றேன்.

சட்டையை மடித்துவிட்டார். முழங்கை வரை நாலு கோடு, மணிக்கட்டில் இரண்டு பல் பட்ட குழி. காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தன.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஸ்ரார்த்தத்துக்கு முன் அதைப் பிடித்துவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். மூன்று நாள் பாலும் தீனியும் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் நகர்ந்த பிறகுதான் வந்து சாப்பிடும், மனித வாடை அடித்தால் ஓடிவிடும். அப்போதுதான் என் கணவருக்கு அந்த யோசனை வந்தது. அக்காவுக்கு இல்லை, அவருக்கு. தட்டுக்குப் பக்கத்தில் தரையில் போனை வைத்தார். அக்கா கதவுக்குப் பின்னால் அரிசிச் சாக்கோடு நின்றார்.

"உன் குரல் கேட்டதும் வந்தா வேதா. தட்டுப் பக்கம்கூடப் போகலே. நேரா வந்து போனை மோந்து பார்த்தா. தலையை அதுல தேச்சா. அப்போதான் சாக்கைப் போட்டோம்."

மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"எங்கே இப்போ?"

"மன்னார்புரத்துல அக்கா ஆத்து கார் ஷெட்ல ஒரு நாள் வெச்சிருந்து, ஸ்ரார்த்தம் ஆனதும் கொண்டு வந்துடலாம்னுதான். அங்க சாக்கை அவுத்ததும் சுவரேறிக் குதிச்சுடுத்து. ரெண்டு நாள் தேடினேன். நிஜமா தேடினேன்."

"கதவைச் சாத்தி வையுங்கோன்னு சொன்னேனே?"

"ஜன்னல் வழியா வந்து தளிகைல வாய் வெச்சுட்டா? அப்பாவோட காரியம் வேதா."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ கூப்பிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலே" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். அதைவிட உண்மையான ஒரு வார்த்தையை அந்த மாதம் முழுக்க அவர் சொல்லவில்லை.

கோமளா அக்கா போனில் என்னைத்தான் கோபித்துக்கொண்டார். "டாக்டர் உனக்கு டென்ஷனே கூடாதுன்னார். அதான் மறைச்சோம். ஒரு பூனைக்காகக் கட்டினவனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறயே!" நாங்கள் தென்கலை வைஷ்ணவர்கள். தாய்ப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதைப்போலப் பகவான் நம்மைத் தூக்கிக்கொண்டு போவான், குட்டி நம்பிச் சும்மா இருந்தால் போதும் என்று கோமளா அக்கா காலட்சேபத்தில் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர். "நம்பித்தானே அது வந்தது அக்கா?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

எனக்குச் செய்தது துரோகம் என்றுதான் சொல்வேன். சின்ன வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வாயில் சாதம் ஊட்டிய அதே கை. சிக்கெடுத்த அதே விரல். அந்த அன்பு பொய் இல்லை, அதுதான் இதில் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பூனையை விட்டுவிட்டார்கள் என்பதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஐந்து மாதம் புதரில் உட்கார்ந்து, உயிர் போகிற நோயை வாங்கிக்கொண்டு நான் சம்பாதித்தது ஒரே ஒரு விஷயம், என் குரலுக்கு ஒரு பூனை ஓடாது என்பது. அதை எடுத்துச் சாக்குக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். நானும் மூச்சு வாங்க வாங்க உதவி செய்தேன்.

மறுநாளே மன்னார்புரம் போனேன். அக்கா வீட்டுக்கு அடுத்த மனையில் பாதி கட்டி நின்றுபோன வீடு. செங்கல் அடுக்கு, மணல் குவியல், சென்ட்ரிங் பலகைகள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், "பத்தினி, நான்தான்" என்றேன். பலகைகளுக்கு அடியில் இரண்டு கண் மின்னின. உயிரோடு இருந்தாள். என்னைப் பார்த்தாள். நன்றாகவே அடையாளம் தெரிந்தது. காது பின்னால் படிந்தது, உடம்பு தரையோடு ஒட்டியது, அடுத்த நொடி மதில் மேல் ஏறி மறைந்துவிட்டாள். என் கணவர் அப்போது தெருமுனையில் வண்டிப் பக்கம் இருந்தார். அவள் ஓடியது என்னைக் கண்டு.

அடுத்த நாள் பேசாமல் போய்த் தீனியை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அரை மணியில் வந்தாள், சாப்பிட்டாள். மனசு கேட்காமல் மெல்ல "பத்தினி" என்றேன். வாயிலிருந்த தீனியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அப்போது புரிந்தது. என்னைக் கண்டால் பயமில்லை. குரல்தான். அந்தக் குரல் வந்தால் பின்னால் சாக்கு வரும் என்று அவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்துவிட்டோம். ஒரே பாடத்தில் கற்றுக்கொண்டாள்.

ஏழு வாரமாகிறது. தினம் ஆபீஸ் விட்டதும் மன்னார்புரம். காலில் ஷூ, முழங்கால் வரை சாக்ஸ், புல்லில் உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஒரு நாள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அங்கே போட்டிருந்தது, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். கோமளா அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சும்மா இருக்க வராத எனக்கு அது மாஸ்க்கைவிடக் கஷ்டமாக இருக்கிறது. பத்தடி எட்டடியாயிற்று, எட்டடி ஐந்தடியாயிற்று. என் கணவர் தினமும் கூட வந்து தெருவில் நிற்பார். நான் ஏன் பேசுவதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் எனக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. தீனி வைக்க அவர் மட்டும் போனார். எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளி நோயாளிகள் வராந்தாவில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கன்னம் வந்துடுச்சும்மா உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வேதா, எதிரே நாற்காலிக்கிட்டயே சாப்பிடறா. நான் சுவரோரமா நிக்கறேன்." ரகசியக் குரல். "சாக்கு இல்லே வேதா. காத்துப் போற மாதிரி வலை வெச்ச பை, புதுசா வாங்கிண்டு வந்திருக்கேன். நீ ஒரு வார்த்தை கூப்பிடு. போனைக் கீழ வெக்கறேன். இன்னிக்கே ஆத்துக்கு வந்துடுவா."

அந்தப் பக்கம் போனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தீனி கடிபடுகிற சத்தம், மொறுமொறுவென்று, நிதானமாக. ஒரு அவசரமும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூச்சுச் சத்தம்கூடப் போய்விடக் கூடாது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு கட் செய்தேன்.

"யாரும்மா போன்ல?" என்றாள் ஸ்டெல்லா.

"என் வீட்டுக்காரர்."

"நீங்க ஒண்ணுமே பேசலையே?"

"அவர் என்கிட்ட பேசறதுக்குக் கூப்பிடலை" என்றேன்.